வாயுதூத் இறங்கிய ஊரிலிருந்து: ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றிய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கும், உடான் திட்டத்தின் அடுத்த கட்டத்தைக் கவனிக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் நெய்வேலி நகரியத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது சேலத்தில் பயணச்சீட்டு முகவராக இருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. சிறிய ஊர்களுக்கு அரசு மானியத்தோடு விமானம் விடும் திட்டம் உடான். மாற்றியமைக்கப்பட்ட உடான் திட்டத்தின் மூலம் பத்து ஆண்டுகளில் 120 புதிய ஊர்களுக்கு விமான சேவை கிடைக்கும் என்றும், நான்கு கோடிப் பயணிகள் அதனால் பயன்பெறுவார்கள் என்றும் 2025-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தீர்கள். அன்று முதல், தங்கள் ஊரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கும்படி நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் உங்களுக்கு மனுக்கள் வந்திருக்கும். நான் எழுதுவது அதற்கு நேர்மாறான ஒரு வேண்டுகோள். நான் பிறந்த நெய்வேலிக்கு விமானம் விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குச் செலவாகும் பணத்தையும் விமானத்தையும், விமானம் இல்லாவிட்டால் வேறு வழியே இல்லாத ஊர்களுக்குக் கொடுங்கள். கொடுத்ததை மூன்று ஆண்டுகளில் திரும்ப எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதை எழுத எனக்கு மனம் எளிதில் வரவில்லை. ஏனென்றால், நெய்வேலிக்கு விமானம் வந்த நாள்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் வாயுதூத் நிறுவனம் சென்னையிலிருந்து எங்கள் ஊருக்குச் சில காலம் விமானம் விட்டது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. சுரங்கத்தில் முதல் ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வரும் அப்பா, சாப்பிட்ட கையோடு என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்து, விமான தளத்தின் கம்பிவேலி வரைக்கும் கூட்டிக்கொண்டு போவார். விமானம் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் இரைச்சல் முந்திரித் தோப்புகளுக்கு அப்பாலிருந்து கேட்டுவிடும். உடலுக்கு மேலே இறக்கை, இறக்கையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சுழல்விசிறிகள், சீவிய பென்சிலைப் போல் நீண்ட மூக்கு. அதன் பெயர் டோர்னியர் 228 என்பதை அப்பாதான் சொல்லிக்கொடுத்தார். உள்ளே நடுவில் ஒற்றை ஆள் நடக்கும் வழி, அந்தப் பக்கம் ஓர் இருக்கை, இந்தப் பக்கம் ஓர் இருக்கை, மொத்தம் 19 பேருக்கு இடம். வளர்ந்தவர்கள் அதற்குள் நிமிர்ந்து நடக்க முடியாது. குனிந்தபடியேதான் இறங்கி வருவார்கள். வேலிக்கு வெளியே நாங்கள் ஐம்பது பேர் நிற்போம். விமானத்திலிருந்து நாலைந்து பேர் இறங்குவார்கள். பிறகு ஒரு கட்டத்தில் அந்த விமானம் வருவது நின்றுபோயிற்று.

வேலிக்கு வெளியே நின்ற ஐம்பது பேரை மட்டும் பார்த்தால், இந்த ஊருக்கு விமானம் கட்டாயம் வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். இறங்கி வந்த நாலைந்து பேரைப் பார்த்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும். வாயுதூத்தின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் காரணம் இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையே விழுந்த இடைவெளிதான் என்று, இத்தனை ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்த பிறகு எனக்குத் தோன்றுகிறது.

வாயுதூத் 1981 ஜனவரியில் பிறந்தது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து உருவாக்கிய அரசு நிறுவனம் அது. காற்றின் தூதன் என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்தபோது, அது போய்ச் சேர வேண்டிய இடம் எது என்பதில் அரசுக்குக் குழப்பம் இருக்கவில்லை. வடகிழக்கு மாநிலங்களின் மலையூர்களை இணைக்கவே அதைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைத்த ஓடுதளங்கள் அந்தப் பகுதியில் பல இருந்தன. பழைய டக்கோட்டா விமானங்கள் ஓய்வுபெற்று, பெரிய விமானங்கள் வந்த பிறகு, அந்தச் சிறிய தளங்களில் இறங்க ஆளில்லாமல் போயிற்று. இந்தியன் ஏர்லைன்ஸிடம் இருந்து வந்த ஃபோக்கர் எஃப்-27 விமானங்களும், பின்னர் டோர்னியர்களும் அந்த இடைவெளியை நிரப்பின. டோர்னியர் 228-ஐ ஜெர்மானிய உரிமத்தின் பேரில் கான்பூரில் உள்ள, அரசு விமானக் கட்டுமான நிறுவனமான எச்.ஏ.எல்-இன் ஆலையிலேயே கட்டத் தொடங்கியதால், நம் நாட்டில் உருவான பயணிகள் விமானம் நம் நாட்டுச் சிறுநகரங்களுக்குப் பறந்தது என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது. 1988 ஏப்ரலில் இலட்சத்தீவின் அகத்தித் தீவில் ஓடுதளம் திறக்கப்பட்டபோது, அங்கே இறங்கியதும் வாயுதூத்தின் டோர்னியர்தான். கொச்சியிலிருந்து அந்தத் தீவுகளுக்குக் கப்பலில் போனால் 14 முதல் 20 மணி நேரம் ஆகும். பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணுக்கும் நெஞ்சு வலி வந்த ஒரு முதியவருக்கும் அந்த 19 இருக்கை விமானம் என்னவாக இருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அத்தோடு நின்றிருந்தால் இன்றும் அந்த நிறுவனம் உயிரோடு இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் வடகிழக்குக்கு வந்த விமானம் தங்கள் தொகுதிக்கும் வர வேண்டும் என்று நாடெங்கும் கேட்கத் தொடங்கினார்கள். கேட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் அப்பாவும் கேட்டிருப்பார். மறுக்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் மறுக்கவில்லை. 1980-களின் இறுதிக்குள் வாயுதூத்தின் கால அட்டவணையில் ஏறத்தாழ நூறு ஊர்கள் இடம்பெற்றுவிட்டன. அந்தக் காலத்தையொட்டியே தஞ்சாவூருக்கும் புதுச்சேரிக்கும் நெய்வேலிக்கும் விமானம் வந்தது. தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குச் சாலையில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. புதுச்சேரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 150 கிலோமீட்டர், நெய்வேலியிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். விமான தளத்துக்குப் போகும் நேரம், காத்திருக்கும் நேரம், பறக்கும் நேரம், மீனம்பாக்கத்திலிருந்து நகருக்குள் போகும் நேரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், வாசலில் ஏறி வாசலில் இறங்கும் காருக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கட்டணத்தில் மட்டும் வேறுபாடு இருந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை வாய்க்காலை வைத்துச் சொன்னால் உடனே புரியும். சிறுநகர விமான சேவை என்பது கிளை வாய்க்கால். பெரிய ஆற்றில் ஓடும் தண்ணீரைக் கடைமடை வயல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. ஆற்றங்கரையிலேயே கிணறு வைத்திருப்பவன் வயலுக்கும் அதே வாய்க்காலில் மடை திறந்துவிட்டால், தண்ணீர் கடைமடையை எட்டாது. வாயுதூத்திடம் இருந்த சில விமானங்களை நூறு மடைகளுக்குப் பங்கிட்டார்கள். தண்ணீர் எல்லா மடையிலும் ஈரத்தைக் காட்டியது. பயிர் எங்கும் விளையவில்லை.

சிறிய விமானத்தை நடத்துவதில் உள்ள கடினம் வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் தெரிவதில்லை. 180 பேர் ஏறும் விமானத்துக்கும் இரண்டு பைலட்டுகள்தான், 19 பேர் ஏறும் விமானத்துக்கும் இரண்டு பைலட்டுகள்தான். தீயணைப்பு வண்டி, வானிலைத் தகவல், பாதுகாப்புச் சோதனை, எரிபொருள் லாரி என்று தரையில் நிற்க வேண்டிய ஏற்பாடுகளும் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பக் குறைவதில்லை. இயந்திரத்தின் தேய்மானம் பறந்த தொலைவால் மட்டும் வருவதில்லை. ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அதன் ஆயுளில் ஒரு பங்கு கழிகிறது. அரை மணி நேரப் பயணத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும் விமானம், மூன்று மணி நேரம் பறக்கும் விமானத்தைவிடப் பல மடங்கு விரைவாகப் பணிமனைக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த டோர்னியரில் மேலே போகப் போகக் குறையும் காற்றழுத்தத்தை ஈடுகட்டும் வசதி கிடையாது. ஆகவே மேகங்களுக்கு மேலே ஏறித் தப்பிக்க முடியாமல், மழைக்காலத்தில் மலைகளுக்கு நடுவே தாழ்வாகவே பறக்க வேண்டும். சிறிய தளங்கள் பலவற்றில் வழிகாட்டும் கருவிகள் இல்லாததால், பொழுது சாய்ந்தால் சேவை இல்லை, மூடுபனி இறங்கினால் சேவை இல்லை. இத்தனைக்கும் மேலாக, சிறிய விமானத்தில் மணிக்கணக்கு சேர்த்த பைலட் பெரிய நிறுவனத்துக்குப் போய்விடுவது இந்தத் தொழிலின் வழக்கம். இவையெல்லாம் கூடிய ஒரு சேவை, பயணக் கட்டணத்தை மட்டும் வைத்துக்கொண்டு உலகில் எங்கும் தன் காலில் நின்றதாக எனக்குத் தெரியவில்லை. வாயுதூத்தைத் தொடங்கிய அரசு, அதன் நஷ்டத்தை முழுமையாக ஈடுகட்டுவதற்கென்று நிலையான, வெளிப்படையான ஒரு மானிய ஏற்பாட்டைச் செய்யவில்லை. நஷ்டம் ஆண்டுதோறும் கடனாகச் சேர்ந்துகொண்டே போயிற்று.

1988 அக்டோபர் 19 அன்று குவாஹாட்டிக்கு அருகே வாயுதூத்தின் ஃபோக்கர் விமானம் விழுந்து, அதில் இருந்த 34 பேரும் இறந்தார்கள். அதே நாளில் அகமதாபாதில் இந்தியன் ஏர்லைன்ஸின் போயிங் விமானம் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டதால், நாட்டின் நினைவில் அகமதாபாத் தங்கிவிட்டது, குவாஹாட்டி மங்கிவிட்டது. கடைமடையில் நடந்த சாவு தலைமடைக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. அந்த 34 பேரையும் ஒரு முறையேனும் நினைத்துக்கொள்ளாமல் வாயுதூத்தைப் பற்றி எழுதுவது முறையாகாது என்பதால் இங்கே சொல்கிறேன்.

1993-இல் வாயுதூத்தை இந்தியன் ஏர்லைன்ஸுடன் சேர்த்தார்கள். 1997-இல் அந்தப் பெயரும் மறைந்தது. தனியார் நிறுவனங்களுக்கு வானம் திறக்கப்பட்ட காலம் அது. விமான சேவையை அரசு நிறுவனங்களுக்கே ஒதுக்கியிருந்த 1953-ஆம் ஆண்டின் விமானக் கழகச் சட்டம் 1994-இல் நீக்கப்பட்டது. புதிதாக வந்தவர்கள் தில்லி, மும்பை, சென்னை, கல்கத்தா தடங்களுக்கு முந்தியடித்தார்கள். சிறிய ஊர்களை விட்டுவிடக் கூடாது என்பதற்காக, பெருந்தடங்களில் பறக்கும் ஒவ்வொரு நிறுவனமும், அங்கே பயன்படுத்தும் இருக்கைத் திறனில் குறைந்தது பத்து விழுக்காட்டுக்கு இணையானதை வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான், இலட்சத்தீவு ஆகிய பகுதிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1994-இல் ஒரு விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் எந்தப் பகுதி என்று சொன்ன விதி எந்த ஊர் என்று சொல்லவில்லை. குவாஹாட்டிக்கும் ஸ்ரீநகருக்கும் பெரிய விமானத்தை அனுப்பினாலே விதி பெரும்பாலும் நிறைவேறிவிடும் என்னும்போது, மலைக்கு மேலே சிறிய விமானத்தை அனுப்ப யார் முன்வருவார்கள்?

சேலத்தின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில் உள்ள எங்கள் விமான நிலையம் 1993-இல் திறக்கப்பட்டது. என்.இ.பி.சி நிறுவனம் கொஞ்ச காலம் பறந்துவிட்டு நின்றது. பிறகு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அங்கே ஆடுமாடு மேய்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2009-இல் கிங்ஃபிஷர் வந்தது, 2011-இல் போனது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தின் கீழ் ட்ரூஜெட் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. 2021-இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இன்டிகோவும் வந்தன. முப்பது ஆண்டுகளில் நான்கு பிறப்பு. ஒவ்வொரு முறையும் வெள்ளிக் கொலுசு வியாபாரிகளும் ஜவுளி ஏற்றுமதியாளர்களும் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் பயண வழக்கத்தை மாற்றிக்கொள்கிறார்கள். விமானம் நின்றதும் பழையபடி ஏற்காடு எக்ஸ்பிரஸுக்குத் திரும்புகிறார்கள். நான் டிக்கெட் போட்ட அனுபவத்தில், 2018-க்குப் பிந்தைய அந்தச் சென்னை விமானத்தில் இடம் காலியாகக் கிடந்த நாள்கள் குறைவு. பயணிகள் இல்லாததால் அந்தச் சேவை நிற்கவில்லை. நிறுவனத்தின் நிதி நிலைமை சரிந்தபோது, ஆள் நிறைந்த தடமும் ஆளில்லாத தடமும் ஒன்றாகவே விழுந்தன.

இடையில் வந்த பிறரைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் 2003-இல் சிறிய ஏ.டி.ஆர் விமானங்களோடு தொடங்கி ஹூப்ளி போன்ற ஊர்களுக்கு வழி திறந்தது; பிறகு பெருந்தடங்களில் பெரிய விமானங்களோடு மோதி, கிங்ஃபிஷரின் கைக்குப் போனது. மதுரையைப் பின்னணியாகக் கொண்ட பாரமவுண்ட் 2005-இல் எம்பிரேயர் விமானங்களோடு வந்தது. 40 டன்னுக்குக் குறைந்த எடையுள்ள விமானங்களின் எரிபொருளுக்கு விற்பனை வரியில் கிடைக்கும் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டு சில ஆண்டுகள் தென்னாட்டில் நன்றாகவே பறந்த அந்த நிறுவனமும் 2010-இல் நின்றது. இவர்களுள் எவரும் திறமையற்றவர்கள் அல்லர். சிறிய ஊரைப் பெரிய ஊரோடு இணைக்கும் வேலையை ஒரு நிறுவனத்தின் லாபநஷ்டக் கணக்கில் மட்டும் கட்டித் தொங்கவிட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் காட்டிவிட்டுப் போனார்கள்.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். வாயுதூத்துக்கு இல்லாத ஒன்றை உடான் கொண்டுவந்தது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். நஷ்டத்தை ஈடுகட்ட மானியம், அதற்கென்று பெருந்தட விமானங்களிடமிருந்து திரட்டும் நிதி, பாதி இருக்கைகளுக்குக் கட்டண வரம்பு, மூன்று ஆண்டுகளுக்கு அந்தத் தடத்தில் போட்டியின்றிப் பறக்கும் உரிமை என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைத்தீர்கள். 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து தில்லிக்கு முதல் விமானம் புறப்பட்டபோது, ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்ற செய்தியை என் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லி மகிழ்ந்தவன் நான். ஆனால் முதல் ஏலச் சுற்றில் கொடுத்த 128 தடங்களில் 84 தடங்கள், கையில் போதிய விமானங்கள் இல்லாத இரண்டு சிறிய நிறுவனங்களுக்குப் போயின. மும்பையிலும் தில்லியிலும் இறங்க அவற்றுக்கு நேர ஒதுக்கீடு கிடைக்கவில்லை. 2018-லேயே அந்த ஒப்பந்தங்களை நீங்கள் நீக்க வேண்டியதாயிற்று. முதல் விமானம் புறப்பட்ட சிம்லாவுக்கே 2020-இல் சேவை நின்று, 2022 செப்டம்பரில்தான் மீண்டும் தொடங்கியது.

சி.ஏ.ஜி எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-இல் அளித்த அறிக்கை உங்கள் மேசையில் இருக்கும். மூன்றாம் சுற்று வரை வழங்கிய 774 தடங்களில் 403 தடங்கள் தொடங்கவே இல்லை. தொடங்கிய 371 தடங்களில் மூன்று ஆண்டுகளையும் முழுமையாக ஓடி முடித்தவை 112. மானியக் காலம் முடிந்த பிறகும் 2023 மார்ச் வரை தொடர்ந்தவை 54. வழங்கிய மொத்தத் தடங்களில் நூற்றுக்கு ஏழு. இந்த எண்களைப் படித்த இரவு எனக்கு நெய்வேலியின் கம்பிவேலிதான் நினைவுக்கு வந்தது. வேலிக்கு வெளியே நிற்பவர்களின் எண்ணிக்கையை வைத்தே மறுபடியும் கணக்குப் போட்டிருக்கிறோம்.

மூன்று ஆண்டுகள் என்ற அந்த வரம்பைப் பற்றித்தான் நான் முதலில் கேட்க விரும்புகிறேன். மூன்று ஆண்டுகளில் ஒரு தடம் தானாக நிற்கப் பழகிவிடும் என்று எதை வைத்து முடிவுசெய்தீர்கள்? சேலம் போன்ற தொழில் நகரத்துக்கு அது பொருந்தலாம். தொடர்ந்து நடத்தினால் எங்கள் ஊர் தன் காலில் நிற்கும் என்றே நம்புகிறேன். நெய்வேலிக்கு மூன்று ஆண்டுகள் கொடுத்தாலும் முப்பது ஆண்டுகள் கொடுத்தாலும் நிற்காது. ஏனெனில் தேவை இல்லை. அகத்திக்கும், அருணாசலத்தின் சீரோவுக்கும் தேசுவுக்கும் தேவை என்றும் தீராது, லாபமும் என்றும் வராது. கடலும் மலையும் மூன்று ஆண்டுகளில் விலகிப்போவதில்லை. இந்த மூன்று வகை ஊர்களையும் ஒரே ஏலத்தில், ஒரே விதிக்குக் கீழே வைத்திருப்பதுதான் திட்டத்தின் அடிப்படைக் கோளாறு என்று கருதுகிறேன். தனியார் போட்டியை மிகவும் போற்றும் அமெரிக்காவே, 1978-இல் விமானத் தொழிலைக் கட்டுப்பாடுகளிலிருந்து விடுவித்தபோது, சிறிய ஊர்களுக்கான இன்றியமையாச் சேவை என்று ஒரு மானியத் திட்டத்தைச் சேர்த்தே வைத்தது. அலாஸ்காவின் கிராமங்களுக்கு இன்றளவும் அந்தப் பணத்தில் விமானம் போகிறது. நடத்தும் நிறுவனம் மாறலாம். ஊருக்கு உள்ள உரிமை மாறுவதில்லை. அகத்திக்கும் சீரோவுக்கும் அப்படி ஓர் உரிமையை எழுத்தில் கொடுங்கள்.

அடுத்து, கிளை வாய்க்கால் ஆற்றோடு சேர வேண்டும் என்பதைப் பற்றி. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வயதான தம்பதி, தென்னிந்தியச் சிறுநகரம் ஒன்றிலிருந்து சென்னை வழியாகக் கொல்கத்தாவுக்குப் போக என்னிடம் டிக்கெட் வாங்கினார்கள். மகளுக்குப் பிரசவம். சிறிய விமானத்துக்கு ஒரு நிறுவனம், சென்னையிலிருந்து இன்னொரு நிறுவனம், ஆகவே இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள். புறப்பட வேண்டிய நாள் விடியற்காலை சிறிய விமானம் ரத்து என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. அந்தச் செய்தியைப் படிக்கத் தெரியாமல் அவர்கள் விமான நிலையத்துக்கே போய்விட்டார்கள். பூட்டிய கவுன்ட்டரின் முன்னால் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் செய்தார்கள். நான் இரண்டாவது நிறுவனத்தை அழைத்தபோது, பயணி நேரத்துக்கு வராவிட்டால் டிக்கெட் செல்லாது, அதற்கு அவர்கள் பொறுப்பல்ல என்றார்கள். விதிப்படி அது சரிதான். முதல் நிறுவனம் தன் பங்குக்குரிய சிறு தொகையைத் திருப்பித் தந்தது. அதுவும் விதிப்படி சரி. பெரிய தொகை போனது போனதுதான். அந்தப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. “உங்க மேல தப்பில்ல தம்பி, இனிமே ரயில்லயே போட்டுக் குடுத்துடுங்க” என்றார். இரண்டு நிறுவனங்களின் பெயரையும் சொல்வதில் பயனில்லை. இது ஒருவருடைய தவறு அன்று. மானியம் வாங்கும் ஒவ்வொரு சிறுநகர விமானமும், பெருநகரத்தில் குறைந்தது ஒரு பெரிய நிறுவனத்தோடு சேர்ந்து ஒரே டிக்கெட்டாக விற்கப்பட வேண்டும், பெட்டி கடைசி ஊர் வரைக்கும் போய்ச் சேர வேண்டும், முதல் விமானம் தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனங்களுடையதாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் பெற்ற பிள்ளையான வாயுதூத்துக்கு இந்த இணைப்பு இயல்பாகவே அமைந்திருக்க வேண்டியது. தாய் நிறுவனங்களின் விமானங்களுக்கு ஆள் கொண்டுவந்து சேர்ப்பதை அதன் முதல் வேலையாக வைத்து அட்டவணை போட்டிருந்தால் அதன் கணக்கே மாறியிருக்கும்.

மாற்று விமானம் என்பதும் அப்படியே. ஒரே ஒரு விமானத்தை வைத்துக்கொண்டு நான்கு ஊர்களுக்குச் சேவை நடத்துவதாகக் கையெழுத்துப் போடும் நிறுவனத்திடம், அந்த விமானம் பழுதானால் என்ன செய்வாய் என்று ஏலத்தின்போதே கேட்க வேண்டாமா? ஒரு வட்டாரத்தின் ஆறேழு ஊர்களைச் சேர்த்து ஒரு தொகுப்பாக்கி, அந்தத் தொகுப்புக்கு ஓர் உபரி விமானத்தையும் இரண்டு பொறியாளர்களையும் கட்டாயமாக்கி, அதற்கான செலவையும் மானியத்தில் சேர்த்துக் கொடுங்கள். ஊர்களின் எண்ணிக்கை 120-லிருந்து 60 ஆகக் குறைந்தாலும் குறையட்டும். நான் பார்த்தவரையில், வாரத்தில் ஐந்து நாள் வரும் என்று சொல்லி மூன்று நாள் வரும் விமானத்தை மக்கள் நம்புவதில்லை. இரண்டு நாள்தான் வரும் என்று சொல்லி அந்த இரண்டு நாளும் தவறாமல் வரும் விமானத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் கேட்டு வருகிறார்கள். ஒவ்வொரு தடத்திலும் அந்த மாதம் பறக்க வேண்டியவை எத்தனை, பறந்தவை எத்தனை என்ற கணக்கை மாதந்தோறும் பொதுவில் வெளியிடுங்கள். சேவையை நிறுத்துவதாக இருந்தால் தொண்ணூறு நாள்களுக்கு முன்பே ஊருக்கும் மாநில அரசுக்கும் எழுத்துப்பூர்வமாகச் சொல்ல வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

2022 ஏப்ரலில் அசாமின் திப்ரூகரிலிருந்து அருணாசலத்தின் பாசிகாட்டுக்கு அலையன்ஸ் ஏரின் டோர்னியர் 228 பறந்தது. கான்பூரில் எச்.ஏ.எல் கட்டிய அதே வகை விமானம், இப்போது 17 இருக்கைகளோடு. அந்தப் படத்தைச் செய்தித்தாளில் பார்த்ததும் கத்தரித்து அப்பாவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது அங்கதான் போகணும்” என்றார்.

உடான் திட்டத்தில் நெய்வேலி விமான தளத்தையும் சேர்த்து, அதைச் சீரமைக்கும் வேலைகளையும் செய்தீர்கள். அந்தத் தளம் மருத்துவ அவசரத்துக்கும், புயல் வெள்ளக் காலங்களில் கடலூர் மாவட்டத்துக்கு நிவாரணம் கொண்டுவரவும் பயன்படட்டும்; அதற்கான ஆளையும் கருவியையும் மட்டும் அங்கே வைத்திருங்கள். பயணிகள் விமானத்துக்கென நெய்வேலியின் பெயரில் ஒதுக்கும் மானியத்தை, அகத்தி, சீரோ, தேசு போன்ற ஊர்களின் சேவைக்கு மாற்றித் தரும்படி நெய்வேலிக்காரன் ஒருவன் எழுத்தில் கேட்டிருக்கிறான் என்று கோப்பில் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நெய்வேலியில் பிறந்த ஒரு பயணச்சீட்டு முகவர்,
சேலம்.